கேபிளில் நடந்து வந்த இன்டர்நெட்

எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதைப் பாவித்தாலும், முடிந்த பிறகு செய்வதற்கு ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் பொருளை அணைக்க வேண்டும். பிறகு சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு ப்ளக்கைக் கழற்ற வேண்டும். கடைசியில் துணியால் மூட வேண்டும். ஓர் ஐப்பசி மாதம் கொழும்பு வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே முழங்கிய இடி எங்கள் டிவியைக் கொண்டுபோன பிறகு நான் போட்ட சட்டம் இது. டிவி போனதற்குக் காரணம் இடியல்ல, ப்ளக்கைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் நின்று யோசித்த நேரம்தான் என்று கணவர் சொல்வார். அது உண்மையாக இருக்கலாம் என்பதால்தான் சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

பாடசாலையில் இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகள் இந்தச் சட்டத்தை வாய்ப்பாடு போலப் பாடமாக்கி வைத்திருந்தாள். தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும் இருந்தாள். சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு கணினிக்கும் நான் சந்தனப் பொட்டு வைத்ததைக் கண்டதிலிருந்து, துணி போடுவதற்கு முன் விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பார்க்கப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

வேலை என்றால், அப்போது அது இன்னும் கிடைக்காத வேலை. பாடசாலைப் பயிற்சிப் புத்தகங்கள் அச்சிடும் ஒரு பதிப்பகத்துக்குத் தமிழ்ப் பக்கங்களைப் பிழை திருத்த ஆள் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம். மகள் பிறந்த பின் நான் வேலைக்குப் போகவில்லை. யாராவது, "இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில" என்று சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து ஓடித் திரிகிற நான் ஏன் சும்மா என்று சொன்னேன் என்று பிறகு இருந்து யோசிப்பேன். இந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் இவ்வளவு நிச்சயமாக விரும்பியதாக எனக்கு ஞாபகமில்லை. சேலை எடுக்கப் போனால் காலி வீதியில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பி வருகிறவள் நான்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: சொந்தக் கணினியும் தடையற்ற இணைய இணைப்பும் உண்டா? உண்டு என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதைத் திறந்து மறுபடி வாசித்தபோது 'தடையற்ற' என்ற சொல் கண்ணில் குத்தியது.

எங்கள் ஃபிளாட் கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே இருக்கிறது. கடல் பக்கம் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை, இரண்டுக்கும் இடையில் ஹோல் என்று மரியாதைக்குச் சொல்லப்படும் ஓர் இடைவெளி. இணையம் எங்களுக்கு ஒரு டொங்கிளில் வந்தது. பெருவிரல் அளவு இருக்கும். உள்ளே சிம் கார்ட், கணினியில் செருகினால் வேலை செய்யும். ஆனால் கடல் பக்க அறையின் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் அதற்கு சிக்னல் கிடைக்கும். பின்னறைக்குக் கொண்டுபோனால் செத்துவிடும். ஜன்னலோரத்தில் இருந்தது கணவரின் கணினி. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பிரமச்சாரிக் காலத்தில் அவர் வாங்கியது. சீதனம் மாதிரி அவரோடு கூடவே வந்து சேர்ந்தது. அதற்குக் கமரா இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு வீடியோ அழைப்பில் முகம் காட்ட வேண்டும் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். அதோடு ஜன்னலுக்குக் கீழே கரையோர ரயில் போகும். ரயில் போகும்போது என் வாய் அசைவது மட்டும்தான் தெரியும், சத்தம் கேட்காது.

இவ்வளவும் போதாதென்று, நேர்முகப் பரீட்சைக்கு அவர்கள் தந்த சனிக்கிழமைக் காலை, மகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பழக்கும் எலகியூஷன் வகுப்பு நடக்கும் நேரம். அதுவும் அதே கணினியில்.

"ஒரு நாள் வகுப்புக்குப் போகாட்டி என்ன, பிள்ளை ஊமையாப் போயிடுமோ?" என்று கணவர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அவர் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

தெஹிவளையில் இருக்கும் என் அக்காவிடம் கவலையைச் சொன்னேன். அவள் வீட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கிய பிறகு, கமராவோடு ஒரு பழைய கணினி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

"சும்மாதானே கிடக்குது, தூக்கிக்கொண்டு போ" என்றாள்.

"ஒருவேளை உனக்குத் தேவைப்பட்டால்?"

"தேவைப்படாது."

"அத்தானிட்டை ஒருக்காக் கேட்டிட்டு…"

"இஞ்ச பார், நீ பிறக்கேக்கையும் வரட்டோ விடட்டோ எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் வந்தனி. அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். தூக்கு!"

தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்ததால், சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே ஓட்டினார்.

அக்காவின் கணினியும் கணவரின் கணினியைப் போலவே வை-ஃபை அறியாத காலத்தது. ஆனால் இரண்டின் முதுகிலும் கேபிள் செருகும் ஒரு சதுரத் துளை இருந்தது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தால், ஜன்னலோரக் கணினி தன் இணையத்தைப் பின்னறைக் கணினிக்குப் பகிரும் என்று கணவர் சொன்னார். இரத்மலானையில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் கணக்கு அறையில் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம்.

மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, இன்டர்நெட் எப்பிடி அங்க போகும்?"

"கடலுக்கு மேலால பறந்து வரும். அப்பான்ர கொம்பியூட்டரில இறங்கும். பிறகு கேபிளுக்குள்ளால நடந்து அம்மான்ர கொம்பியூட்டருக்குப் போகும்."

"நடந்தோ?"

"பழைய கொம்பியூட்டர்தானே குஞ்சு. ஓடாது."

கேபிள் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளக்க வீட்டில் நாடா இல்லை. தையல் நாடாவை மகள் எங்கோ கட்டிவிட்டிருந்தாள். நான் ஒரு சேலையை எடுத்து ஜன்னலடியிலிருந்து விரித்தேன். அது ஹோல் நடுவில் முடிந்தது. இன்னொரு சேலையை அதன் தலைப்பில் வைத்து விரித்தேன். கணவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"யார் வாறது, மாப்பிள்ளையோ? நிலபாவாடை விரிக்கிறீர்."

"நீங்கள் சும்மா நில்லுங்கோ."

"கடையில போய் ரெண்டு சீலை நீளத்துக்குக் கேபிள் தாங்கோ எண்டு கேளும். முந்தானையோட சேர்த்து எண்டு சொல்லும்."

காலி வீதிக் கடையில் நான் முந்தானையைச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார்: கணினியை ரவுட்டருக்கு இணைக்கவா, கணினியைக் கணினிக்கு இணைக்கவா? "கொம்பியூட்டர் தெகக்" என்று இரண்டு விரலைக் காட்டினேன். எவ்வளவு பழையவை என்று அடுத்த கேள்வி. சொன்னேன். "தாம ஏவா தியெனவத, நங்கி?" என்றார், இன்னும் அவையெல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்ற வியப்போடு. அவ்வளவு பழையவை என்றால் சாதாரணக் கேபிள் சரிவராது, உள்ளே கம்பிகள் மாறிப் போகும் க்ரொஸ் கேபிள்தான் வேண்டும் என்று ஒன்றை எடுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரை நடந்தேன். அவர் சொன்னது பிழையாக இருந்தால்? திரும்பிப் போய்ச் சாதாரணக் கேபிள் ஒன்றையும் வாங்கினேன். அவர் இரண்டாவது கேபிளைத் தனிப் பையில் போட்டுத் தந்தார், அவ்வளவுதான்.

க்ரொஸ் கேபிள்தான் வேலை செய்தது. மற்றது இன்றும் அந்தப் பையிலேயே இருக்கிறது.

இணைப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கணவரின் கணினியில் டொங்கிளின் அமைப்பைத் திறந்து, இந்த இணைப்பை மற்றக் கணினிகளும் பாவிக்கலாம் என்ற கட்டத்தில் சரி போட வேண்டும். போட்டோம். பிறகு நான் பின்னறைக்கு ஓடி அக்காவின் கணினியைப் பார்த்தேன். அது, நீங்கள் இருப்பது வீட்டிலா, பொது இடத்திலா என்று கேட்டது. கடவுளே, இதற்கு என்ன சொல்வது?

"இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டேன். "வீடோ, பொது இடமோ எண்டு கேக்குது."

ஜன்னல் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "உம்மட அக்கா வந்தால் பொது இடம். வராட்டி வீடு."

வீடு என்று அழுத்தினேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்னறையில், கடல் தெரியாத அந்த அறையில், ஒரு பக்கம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழாகத் திறந்தது. வாசலில் நின்ற மகள் தரையில் கிடந்த கேபிளைக் குனிந்து பார்த்தாள். "வந்திட்டுது!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். எதிர் ஃபிளாட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்து மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மகள் ஒரு பக்கம் எலகியூஷன் சொல்ல, நான் மறுபக்கம் அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து என்னைப் பற்றிச் சொன்னேன். அக்கா கொட்டாவி விட்டது தெளிவாகத் தெரிந்தது. இணைப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. கேபிளில் யாரும் தடக்காமல் ஹோலின் குறுக்கே பாயை விரித்தேன். பின்னறையின் வெறும் சுவர் முகத்துக்குப் பின்னால் வருமாறு மேசையை நகர்த்தினேன். என்னென்ன பிழைக்கலாம் என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தேன். மின்சாரம் போனால் கைபேசி, சத்தம் வந்தால் கதவுக்கடியில் துவாய், மகள் நடுவில் என்னைத் தேடி வந்தால் கணவர்.

சனிக்கிழமை கணவர் ஒரு கதிரையை ஹோலில் போட்டு, என் கதவைப் பார்த்தபடி காவலுக்கு இருந்தார். மகளின் சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்கக் கடல் பக்க அறையின் கதவும் மூடப்பட்டது. "ஒரு ஈ காக்காயும் உள்ளுக்கு வராது, நீர் போய்க் கதையும்" என்றார்.

திரையில் இருவர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, சிறுதாடி வைத்த ஓர் ஐயா. படித்தது, முன்பு செய்த வேலை எல்லாம் கேட்டார்கள்.  அப்போது அந்த அம்மா கேட்டார்: "உங்களிட்டை இருக்கிற ஒரு குறையைச் சொல்லுங்கோ."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கெட்டித்தனமான ஒரு பதிலும் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது மறந்துபோய் உண்மை வரத் தொடங்கியது. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வருவதைச் சொன்னேன். அனுப்பிய கடிதத்தை அனுப்பிய பிறகும் வாசிப்பதைச் சொன்னேன். இரண்டு கேபிள் வாங்கியதைச் சொன்னேன். டிவி போனதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே இது எங்கே போய் முடியும் என்று பயமாக இருந்தது. ஆனால் அவர்கள் இருவரும் காது கொடுத்துக் கேட்ட விதம் அப்படி! அந்த அம்மா தலையைச் சற்றுச் சரித்து, கையை நாடியில் வைத்து, கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா புன்னகை மாறாமல் இருந்தார். திரையின் நடுவே ஒரு சிறிய வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய கணினி, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் சொல்வதை யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அந்த உற்சாகத்தில் சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டு வாங்கியதையும் சொன்னேன்.

கதவு திறந்தது. மகள் நின்றாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசு வாங்க மேடைக்கு வந்தவள் போல.

"அம்மா, டீச்சருக்குக் கலியாண வீடாம், வெள்ளன முடிச்சிட்டா. நான் எல்லாம் ஓஃப் பண்ணீட்டன். சுவிட்சும் ஓஃப். ப்ளக்கும் கழட்டீட்டன். துணியும் போட்டுட்டன்."

நான் திரையைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட அம்மா இன்னும் இமைக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. ஜன்னலோரக் கணினி அணைந்தால் டொங்கிள் அணையும். டொங்கிள் அணைந்தால் கேபிளில் நடந்து வர ஒன்றும் இருக்காது. இத்தனை பரிகாரம் வைத்திருந்த எனக்கு, வேலை முடிந்த கணினியை வேலை முடிந்ததும் அணைக்கக் கூடாது என்பது மட்டும் தோன்றவேயில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லையே!

"இஞ்சேருங்கோ, உங்களைக் காவலுக்கு வைச்சனானெல்லோ!"

"நான் உம்மட கதவைத்தானே காவல் காத்தனான்" என்றார் கணவர், கதிரையை விட்டு எழும்பாமலே. "பிள்ளையின்ர அறையில சத்தமேயில்லை. என்ன அருமையான பிள்ளை எண்டு இருந்தனான். இப்ப வெளியில வந்து, முடிஞ்சுது அப்பா, அம்மாட்டைச் சொல்லப் போறன் எண்டுது. நல்ல விஷயந்தானே எண்டு விட்டனான்."

கடல் பக்க அறைக்கு ஓடினேன். துணி சுருக்கமில்லாமல் போடப்பட்டிருந்தது. இழுத்தெறிந்தேன். ப்ளக்கைச் செருகினேன். டொங்கிளைக் காணவில்லை.

"டொங்கிள் எங்க?"

"மூடி போட்டுப் பெட்டியில வைச்சிருக்கிறன், அம்மா" என்றாள். அவள் வைத்த குறை ஒன்றுமில்லை.

அதை எடுத்துச் செருகினேன். கணினி மெதுவாகக் கண் விழித்தது. பிரமச்சாரிக் காலத்துக் கணினி. எழும்பியதும் முதலில் பெருமூச்சு விடும், பிறகு கொஞ்சம் யோசிக்கும். என்னைப் போல. நான் அதன் பெட்டியில் கை வைத்து, தயவு செய்து, தயவு செய்து என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது ஏதோ பிழை நடந்தது விளங்கிவிட்டது. "நடந்து வந்த இன்டர்நெட்டுக்கு நான் கதவைப் பூட்டிட்டனா?" என்று கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று முடிவெடுக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். கணவர் முன்னால் ஓடி வந்து, கதவடியில் நின்று கிசுகிசுத்தார்.

"கரண்ட் போனது எண்டு சொல்லும். கொழும்பில ஆரும் நம்புவினம்."

அது நல்ல யோசனைதான். நம்பக்கூடிய யோசனை. திரையில் வட்டம் நின்றது, முகங்கள் அசைந்தன. "நீங்கள் இருக்கிறீங்களோ? கரண்ட் போனதோ?" என்று அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்தார். கதவிடுக்கில் கணவர் தலையைப் பலமாக ஆட்டினார். என் சட்டையைப் பிடித்தபடி மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்ட் போகவில்லை, நான்தான் அணைத்தேன் என்று அவள் அடுத்த நொடி சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். உண்மை பேச வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம்தான்.

"இல்லை" என்றேன். "டொங்கிள் மற்றக் கொம்பியூட்டரில இருக்கு. மகள் வகுப்பு முடிஞ்சவுடன அதை அணைச்சு, ப்ளக்கைக் கழட்டி, துணியும் போட்டு மூடிட்டா. நான் பழக்கினபடி."

ஐயா சிரித்தார். "துணியும் போட்டோ?"

"ஓம்" என்று மகள் என் தோளுக்குக் கீழேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். "கும்பிட்டும் வைச்சனான்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி, நாங்கள் கேட்ட கேள்வியில நிண்டனாங்கள். உங்கட குறை என்ன? நீங்கள் பதில் சொல்லத் தொடங்க முதலே லைன் போயிட்டுது."

தொடங்க முதலே. அப்படியென்றால் காஸ், கேபிள், டிவி, பரீட்சைத் தாள் எல்லாம் நான் சுவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஓடிய ஓட்டத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நீளமாக ஒன்றும் சொல்ல உடம்பில் வலு இல்லை.

"ஒருக்காப் பார்த்தது எனக்குப் போதாது" என்றேன். "எதையும் திருப்பிப் பார்ப்பன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயா ஏதோ குறித்துக்கொண்டார். "பிழை திருத்துறவைக்கு இது குறையில்லையே" என்றார் அம்மா.

வேலை கிடைத்தது. முதல் பதிலை அவர்கள் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று நான் யோசிக்காத நாளில்லை. கணவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். "பிள்ளை சரியான நேரம் பார்த்துத்தான் உம்மட வாயை ஓஃப் பண்ணினவ."

இப்போது சட்டத்தில் ஒரு திருத்தம் உண்டு. எதையும் அணைப்பதற்கு முன் மற்ற அறையில் இருப்பவரைக் கேட்க வேண்டும். மகள் இதையும் வாய்ப்பாடாக்கிக்கொண்டாள். "அம்மா, ஓஃப் பண்ணட்டோ?" என்று மின்விசிறிக்கும் கேட்கிறாள், வாளியில் தண்ணீர் நிறைந்து வழியும்போது குழாயடியில் நின்றும் கேட்கிறாள்.

மறுபடி ஓர் ஐப்பசிப் பின்னேரம். அன்றே அனுப்ப வேண்டிய பக்கங்களில் கடைசிப் பக்கம் என் முன்னால் இருந்தது. தூரத்தில் இடி முழங்கியது. ஜன்னலோரக் கணினியின் ப்ளக்கில் கையை வைத்துக்கொண்டு மகள் கத்தினாள்.

"அம்மா, இடி! கழட்டட்டோ?"

காது கொடுத்துக் கேட்டேன். நகரத்தின் மறுகோடியில், மட்டக்குளிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

"பொறு குஞ்சு, ஒரு பக்கம் இருக்கு."

அந்தப் பக்கத்தை வாசித்தேன். அடுத்த இடி கொஞ்சம் கிட்டக் கேட்டது. ஒரு தரம்தான் வாசித்தேன். அனுப்பினேன்.

"இப்பக் கழட்டு" என்றேன்.

அணைந்தது, கழன்றது, தொட்டுக் கண்ணில் ஒற்றும் சின்ன இடைவெளி, பிறகு துணி. கேபிளின் இந்த முனையில் என் திரையும் நின்றுபோனது. அந்தப் பக்கத்தில் ஏதும் பிழை விட்டேனோ என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.